டீச்சர் குறை சொல்கிறார்: பிள்ளைக்கு ஏடிஎச்டி பரிசோதனை தேவையா?

“உங்க மகன் ஒரு இடத்துல இருக்கிறதே இல்ல. எழுதச் சொன்னா பாதியில விட்டுடுறான். ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டிப் பாருங்க.” தவணைக் கூட்டத்தில் டீச்சர் இப்படிச் சொல்லிவிட்டால், வீடு வந்து சேரும்வரை பெற்றோரின் மனம் அலைபாயும். பிள்ளைக்குக் கோளாறா, அல்லது வெறும் சேட்டையா? அன்றிரவே இதற்கு முடிவு கட்டத் தேவையில்லை. டீச்சர் சொன்னது மதிக்க வேண்டிய தகவல். ஆனால் அது பாதித் தகவல். மீதி வீட்டிலும், பிள்ளையின் கொப்பியிலும், காதிலும் கண்ணிலும், தூக்கத்திலும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பரிசோதனை தேவையா என்று சொல்ல முடியும்.

ஏடிஎச்டி (ADHD, கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட நிலை) மூளை வளரும் விதத்தோடு வருவது. கவனத்தை ஒரு வேலையில் நிறுத்துவது, முறை வரும்வரை காத்திருப்பது, அடுத்து என்ன செய்வது என்று ஒழுங்குபடுத்துவது ஆகிய திறன்கள் வயதுக்கேற்ற வேகத்தில் முதிர்வதில்லை. குடும்ப வழியாக வருவது அதிகம். தகப்பனுக்கோ மாமாவுக்கோ சிறுவயதில் இதே சுபாவம் இருந்திருக்கலாம். செல்லம் கொடுத்ததாலோ, அம்மா வெளிநாடு போனதாலோ, டிவி பார்த்ததாலோ இது உண்டாவதில்லை. உலக அளவில் 100 பிள்ளைகளில் 5 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. 35 பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வகுப்பில் பத்துப் பேரைக் காட்டி எல்லோருக்கும் இதுதான் என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வகுப்பறையின் நிலைமையைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று கவனச் சிதறல்: தொடங்கியதை முடிக்காமல் விடுவது, பென்சில், கொப்பி, குடையைத் தொலைப்பது, கவனக்குறைவான பிழைகள், நேரே பேசினாலும் கேட்காதது போல இருப்பது. மற்றது அடங்காத துடிப்பு: இருக்கையை விட்டு எழுவது, ஓயாமல் பேசுவது, கேள்வி முடியுமுன் பதிலைச் சொல்லிவிடுவது, வரிசையில் நிற்க முடியாமல் இடிப்பது. வைத்தியர்கள் பயன்படுத்தும் 2013ஆம் ஆண்டு அளவுகோலில் ஒவ்வொரு முகத்துக்கும் 9 அறிகுறிகள் இருக்கின்றன. 16 வயது வரையிலான பிள்ளைக்கு ஒரு பக்கத்தில் குறைந்தது 6 இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த அறிகுறிகள் 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் காணப்பட வேண்டும், படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையில் பாதிக்க வேண்டும், வேறு காரணத்தால் இன்னும் பொருத்தமாக விளங்கக்கூடியதாக இருக்கக் கூடாது.

பெற்றோர் அதிகம் தடுமாறுவது “இரண்டு இடங்கள்” என்ற நிபந்தனையில்தான். “வீட்ல நல்லாத்தானே இருக்கான்” என்று சொல்வார்கள். தோட்ட லயத்து வாசலில் பத்துப் பிள்ளைகளோடு ஓடித் திரியும் பையனை யாரும் ஒரு இடத்தில் உட்காரச் சொல்வதில்லை. உட்காரச் சொல்லாத இடத்தில் உட்கார முடியாமை தெரியாது. ஆகவே வீட்டில் பார்க்க வேண்டியது, பிள்ளை சும்மா இருக்கும் நேரத்தை அல்ல, ஏதாவது வேண்டி நிற்கும் நேரத்தை. சாப்பாட்டு நேரம், வீட்டுப்பாடம், காலையில் சட்டை போட்டுப் புறப்படும் அரைமணித்தியாலம், கடைக்கு அனுப்பும்போது. சீனியும் தீப்பெட்டியும் வாங்கி வா என்றால் ஒன்றை மட்டும் வாங்கி வருவது எந்தப் பிள்ளைக்கும் எப்போதாவது நடக்கும். வாரத்தில் ஐந்து நாள், அதே வயதுப் பிள்ளைகளைவிட அதிகமாக, திட்டினாலும் மாறாமல் நடந்தால் அது வேறு. அறநெறிப் பாடசாலை, ஞாயிறு மறைக்கல்வி, டியூஷன் வகுப்பு, அம்மாச்சி வீடு எல்லாமே இரண்டாவது இடமாகக் கணக்கில் வரும்.

மறுபக்கமும் உண்டு. “இரண்டு மணித்தியாலம் போனில் கேம் விளையாடுறான், அவனுக்கா கவனமில்ல?” என்று கேட்டு விஷயத்தை மூடிவிடக் கூடாது. கேம் ஒவ்வொரு நொடியும் பரிசு தருகிறது, காத்திருக்க வைப்பதில்லை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு விருப்பமானதில் கவனம் ஒட்டும். சலிப்பான வேலையில் கவனத்தை நிறுத்துவதுதான் கடினம். போனில் அசையாமல் இருப்பது ஏடிஎச்டி இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இலங்கையில் தரம் 1க்கு ஜனவரி 31 அன்று 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். ஜனவரி 20 பிறந்த பிள்ளை ஐந்து வயது முடிந்த கையோடு வகுப்பில் உட்காரும். பெப்ரவரி 10 பிறந்த பிள்ளையோ ஏறக்குறைய ஆறு வயதில் வந்து பக்கத்தில் உட்காரும். அந்த வயதில் ஒரு வருட வித்தியாசம் மிகப் பெரியது. வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்ற முடிவு அதிகமாகக் கொடுக்கப்படுவது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி வெறும் முதிர்ச்சியின்மையாக இருக்கலாம். தரம் 1இன் முதல் தவணையில் வரும் முறைப்பாட்டுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். பிள்ளையின் பிறந்த மாதத்தைப் பார்த்து, அடுத்த தவணை வரை கவனித்துக் குறித்து வையுங்கள். தரம் 3, 4இல் வரும் முறைப்பாட்டை அப்படித் தள்ளிப்போட வேண்டாம். தரம் 1, 2இல் பாடம் பெரும்பாலும் விளையாட்டும் செயற்பாடுமாகப் போகும். மேலே போகப்போக உட்கார்ந்து எழுதும் வேலை கூடும். அதுவரை ஒளிந்திருந்த சிரமம் அங்கேதான் வெளியே வரும்.

இனி, ஏடிஎச்டி போலத் தெரிந்து வேறொன்றாக இருப்பவை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இதில் பல எளிதாகச் சரிசெய்யக் கூடியவை.

காது: அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். வலி இருக்காது. கேட்பது மங்கலாகும், ஒரு வாரம் கேட்கும், மறு வாரம் கேட்காது. “வேணும்னே கேக்காத மாதிரி இருக்கான்” என்ற பழி இப்படித்தான் வருகிறது. டிவியை நிறுத்திவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் மூன்று மீட்டர் தள்ளி நின்று தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தும் திரும்பாவிட்டால், அல்லது காதில் சீழ் வந்திருந்தால், செவிப்புலப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் திரும்பிப் பார்த்துவிட்டதால் காது நன்றாக இருக்கிறது என்றும் முடிவுசெய்ய முடியாது.

கண்: கரும்பலகையிலிருந்து எழுதும்போது பிழை, புத்தகத்திலிருந்து எழுதும்போது சரி என்றால் கண்ணைச் சந்தேகியுங்கள். எழுந்து எழுந்து முன்னால் போவது துடிப்பு என்று எழுதப்பட்டிருக்கும். உண்மையில் பலகையைப் பார்க்கப் போயிருப்பான்.

தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 முதல் 12 மணித்தியாலம் தேவை. ஒரே காம்பராவில் டிவி பத்தரை வரை ஓடி, காலை ஐந்தரைக்கு அம்மா பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பேர் பதியும் இடத்துக்கு) புறப்படும் சத்தத்தில் பிள்ளையும் எழுந்தால் கிடைப்பது ஏழுதான். தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து விழுவார். பிள்ளையோ துள்ளுவான், எரிந்து விழுவான். குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுதல், இரவில் மூச்சு நின்று திணறுதல் இருந்தால் மூக்குக்குப் பின்னாலுள்ள சதை வளர்ச்சியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரத்தச்சோகையும் அப்படித்தான். மலையகத்தில் இதை ஒரு போதும் விட்டுவிடக் கூடாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும்போது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மாலையில் மறுபடி தேத்தண்ணி என்றால் பிள்ளை சோர்ந்து, கவனமில்லாமல், எரிச்சலாக இருப்பான். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. நுவரெலியா போன்ற உயரத்தில் வாழ்வோருக்கு வைத்தியர் இந்த எல்லையைச் சற்றுக் கூட்டிப் பார்ப்பார். தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளிவையுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டவே வேண்டாம், தூக்கத்தையும் கெடுக்கும்.

வலிப்பின் ஒரு வகை: பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து வினாடி போல வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் பதில் இல்லாமல், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வது. கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும், இந்தப் பிள்ளை திரும்பாது. இதற்கு 6 மாதம் காத்திருக்கக் கூடாது. முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.

வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளையும் எழுத்து வேலை வந்ததும் எழுந்து ஓடும். வாய்க் கணக்கில் கெட்டி, வாசிக்கச் சொன்னால் சேட்டை என்றால் அந்தப் பக்கம் பாருங்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து வருவதும் சாதாரணம்.

மனக்காயமும் இருக்கிறது. அம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ போன பிறகு, அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை நடக்கும் வீட்டில், பாடசாலையில் யாராவது அடிக்கும்போது, பிள்ளையின் கவனம் பாடத்தில் நிற்காது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி “எப்போதிருந்து?” ஏடிஎச்டி சிறுவயதிலிருந்தே மெல்ல மெல்லத் தெரியும். சில வாரங்களுக்குள் திடீரென்று மாறிய பிள்ளை, மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கிய பிள்ளை, குறிப்பிட்ட ஒருவரையோ இடத்தையோ கண்டு பயப்படும் பிள்ளை என்றால் ஏதோ நடந்திருக்கலாம். அடிக்காமல், மிரட்டாமல், பொறுமையாகக் கேளுங்கள். பாதுகாப்புப் பிரச்சினை என்று தோன்றினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம்.

இவ்வளவும் துடிப்பான பிள்ளையைப் பற்றியே அதிகம் சொன்னது. யாரும் முறைப்பாடு செய்யாத பிள்ளை ஒன்று வகுப்பின் பின்வரிசையில் இருக்கும், பெரும்பாலும் பெண் பிள்ளை. சத்தம் போடாது, அடிக்காது, சன்னலைப் பார்த்தபடி இருக்கும். அறிக்கையில் “அமைதியானவள், இன்னும் முயற்சி தேவை” என்று எழுதப்பட்டிருக்கும். துடிப்பு இல்லாத ஏடிஎச்டி இப்படித்தான் வருடக்கணக்கில் தவறிப்போகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் காலத்தில்தான் “படிச்சும் ஏறல” என்று கண்டுபிடிக்கிறார்கள். பாடசாலையும் டியூஷனும் சனிக்கிழமை வகுப்புமாகக் களைத்துப்போன தரம் 5 பிள்ளைக்கும் கவனம் குறையும் என்பதால், அதற்கு முந்திய வருடங்களில் எப்படி இருந்தாள் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அதைத் தேட நல்ல இடம் பழைய கொப்பி. கட்டித் தூக்கிப் போடாமல் தரம் 1 முதல் வருடத்துக்கு இரண்டையாவது வைத்திருங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து மெதுவாகப் பாருங்கள். திகதியும் தலைப்பும் அழகாக இருக்கும். முதல் மூன்று வரி கோட்டில் நிற்கும். நாலாவது வரியில் ஒரு சொல் பாதியில் நின்று அடுத்த வரி தொடங்கும். ஆறாவது கணக்கில் கூட்டல் குறியைப் பார்க்காமல் கழித்திருக்கும், விடை அந்தக் கழித்தலுக்குச் சரியாக இருக்கும். அதாவது கணக்குத் தெரியும், குறியில் கண் நிற்கவில்லை. இது கவனத்தின் பிழை. முதல் வரியிலிருந்தே எழுத்துகள் இடம் மாறி, ஒலிக்குப் பொருந்தாமல் இருந்தால் வாசிப்பு எழுத்துச் சிரமம். சொல்வதெழுதலில் ல, ள, ழ மட்டுமல்ல, முழுச் சொல்லே மாறிக் கேட்டதுபோல இருந்தால் மறுபடி காது. இப்படிப்பட்ட மூன்று பக்கங்கள் வைத்தியருக்கு நீங்கள் அரைமணித்தியாலம் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

அதோடு இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். “ரொம்பக் குழப்படி” என்று எழுதிப் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: “செவ்வாய், மாலை 5.10. கணக்கு எட்டு. மூன்றாவதில் எழுந்தான், தண்ணி குடித்தான், திரும்பவில்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். 5.40க்கு ஐந்து முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் மீதியை ஆறு நிமிடத்தில் போட்டான். மத்தியானம் தூங்கவில்லை.” நேரம், வேலை, எத்தனை தரம் எழுந்தான், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எது உதவியது. ஐந்து வரி போதும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யலாம், மூத்த பிள்ளையிடம் எழுதச் சொல்லலாம். பாடசாலை நாளும் ஞாயிறும் இரண்டும் வர வேண்டும்.

டீச்சரிடம் கேட்கும்போது சண்டைக்குப் போவதுபோல ஆகிவிடக் கூடாது. “எந்தப் பாடத்தில், முதல் மணிக்கா கடைசி மணிக்கா, யாரோடு இருக்கும்போது, எங்கே உட்கார்ந்திருக்கும்போது அதிகம்? நீங்க என்ன செஞ்சா அடங்குறான் டீச்சர்?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் தங்கம். இரண்டு தரங்களை ஒரே நேரத்தில் நடத்தும் ஆசிரியரிடம் நீண்ட அறிக்கை எதிர்பார்க்க முடியாது. அரைப்பக்கக் கடிதம் கேட்டால் பெரும்பாலானோர் மறுக்க மாட்டார்கள்.

எங்கே போவது? இரத்தத்தில் கண்டுபிடிக்கும் பரிசோதனையோ, மூளையைப் படமெடுத்துச் சொல்லும் வழியோ ஏடிஎச்டிக்கு இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். நடப்பது விரிவான விசாரிப்பு, உடற்பரிசோதனை, பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் படிவம். வாண்டர்பில்ட், கானர்ஸ் என்ற பெயர்களில் இந்தப் படிவங்கள் உண்டு. வாண்டர்பில்ட்டில் ஒவ்வொரு அறிகுறிக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. 2ம் 3ம் மட்டுமே கணக்கில் வரும். படிவத்தில் புள்ளி கூடினால் மட்டும் ஏடிஎச்டி ஆகாது, அது விசாரிப்பின் ஒரு பகுதி. இணையத்தில் நீங்களே நிரப்பிப் பார்த்து முடிவுகட்டுவது இதனால்தான் பிழைக்கிறது.

முதல் படி அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கிருந்து குழந்தை நல விசேட வைத்தியரின் கிளினிக்குக்கோ மனநல கிளினிக்குக்கோ கடிதம் வாங்கலாம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைகளில் இந்தக் கிளினிக்குகள் நடக்கின்றன. பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. இன்னொரு வழி பாடசாலை வைத்தியப் பரிசோதனை. 200க்குக் குறைவான பிள்ளைகள் உள்ள பாடசாலையில் எல்லாத் தரங்களுக்கும், பெரிய பாடசாலையில் தரம் 1, 4, 7, 10க்கும் சுகாதார வைத்திய அதிகாரியின் குழு வருகிறது. அன்று பெற்றோர் ஒருவர் நேரில் நின்று கேட்டால் கண், காது பார்த்துக் கடிதமும் அங்கேயே வாங்கலாம். ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகிறதே என்ற கவலை நியாயமானதுதான், அதனால்தான் ஒரே பயணத்தில் வேலை முடியும்படி எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொல்கிறோம். சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, தவணை அறிக்கைகள், மூன்று கொப்பிகள், டீச்சரின் கடிதம், உங்கள் குறிப்பு. வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். முக்கியமான ஐந்து விஷயங்களைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு தாளில் யாரையாவது கொண்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது, ஆனால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தன் வாயாலேயே சொல்ல வைப்பது கொடுமை.

கிளினிக் நாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏடிஎச்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை உதவும்: முன்வரிசையில், கதவுக்கும் சன்னலுக்கும் தள்ளி இருக்கை. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும், கண்ணைப் பார்த்து. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, இடையில் எழுந்து ஒரு சிறு வேலை. செய்து முடித்த உடனே பாராட்டு. வாரக் கடைசிப் பரிசு இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரம். புத்தகப் பையை இரவே கட்டிவைப்பது. அடி அந்த நிமிடத்தை மட்டும் அடக்கும், கவனிக்கும் திறனைத் தராது. பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளும் தடைசெய்திருக்கின்றன.

மருந்து பற்றிய பயம் பரிசோதனைக்கே போகாமல் தடுக்கிறது. பரிசோதனைக்குப் போவதும் மாத்திரை தொடங்குவதும் ஒன்றல்ல. 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் கொடுப்பது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பாதிப்பு அதிகமாக இருந்தால் விசேட வைத்தியர் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார். சாதாரண மாத்திரை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி ஏறக்குறைய 4 மணித்தியாலம் நிற்கும். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் காலைச் சாப்பாட்டோடு கொடுப்பது வழக்கம், பிற்பகலுக்குப் பின் தவிர்ப்பார்கள். எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே எடை குறைந்த பிள்ளை என்றால் அதை முதல் நாளே சொல்லுங்கள். மாத்திரையைப் பூட்டிவைத்து, பெரியவர் கையால் கொடுக்க வேண்டும்.

வைத்தியரின் அறையை விட்டு வருமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன முடிவு அல்லது என்ன சந்தேகம், பாடசாலைக்குக் கொடுக்கக் கடிதம் உண்டா, அடுத்த திகதி எப்போது. “இப்போதைக்கு இல்லை” என்று சொன்னாலும் அந்தத் தாளைப் பதிவேட்டோடு வையுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே சிரமம் இருந்தால் புதிய குறிப்போடு மறுபடி போகலாம். கடிதம் இருப்பதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.